வெள்ளம் வருமுன் எழுத வேண்டிய பட்டியல்

பழனி மலைத் தொடரின் தென்புற அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கெங்குவார்பட்டி. கோடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை இதன் அருகிலேயே தொடங்குகிறது. மலையிலிருந்து இறங்கி வரும் மஞ்சளாறு, தேவதானப்பட்டியை அடுத்த அணையில் தேங்கி, வயல்களுக்கு நீர் தந்து, முடிவில் வையையுடன் கலக்கிறது. நெல்லும் வாழையும் தென்னையும் மாவும் இப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாக விளங்குகின்றன.

மலையடிவாரத்து ஊர்களுக்கு நீர்வளம் ஒரு பேறு. அதுவே சில நாட்களில் பேரச்சமும் ஆகின்றது. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் இருப்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடையில் செந்நீர் பெருகி வருதலுண்டு. அவ்வாறு நீர் புகுந்து வடிந்த மறுநாட் காலையில், இடிந்த சுவரின் முன் நிற்கும் குடும்பத் தலைவரும், மணல் மூடிய வயலின் வரப்பில் நிற்கும் உழவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “எங்களுக்கு என்ன உதவி கிடைக்கும்?”

இக்கேள்விக்குரிய விடை அக்காலையில் தீர்மானிக்கப்படுவதன்று என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடையின் பெரும்பகுதி, வெள்ளத்திற்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டோ எழுதப்படாமலோ இருக்கின்றது.

முற்காலத்து முறை

தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வாயிலாக நாம் கேட்டறிந்த 1876-78ஆம் ஆண்டுகளின் பஞ்சம், சென்னை மாகாணத்தில் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் குழு 1880இல் தன் அறிக்கையைத் தந்தது. அதனைத் தழுவி 1883இல் பஞ்ச நிவாரண விதித் தொகுப்பு வெளியாயிற்று. எந்த அறிகுறிகளைக் கண்டால் பஞ்சம் வருகிறதென உணர வேண்டும், எங்கே வேலைத் தளம் திறக்க வேண்டும், வேலை செய்ய இயலாதவர்க்கு எவ்வாறு உணவளிக்க வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் அத்தொகுப்பின் சிறப்பு. துன்பம் வந்தபின் சிந்திப்பதற்கு மாறாக, வருமுன் எழுதி வைக்கும் முறை நம் நாட்டு நிர்வாகத்தில் அன்றே கால்கொண்டது எனலாம்.

அப்பஞ்சத்திற்குப் பின்னரே பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை வலுப்பெற்றது. 1886இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் வேலை தொடங்கி, 1895இல் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கஞ்சித் தொட்டி அன்றைய பசியைத் தீர்த்தது. அணையோ தலைமுறைகளைக் காத்து வருகிறது. நிவாரணம், காப்பு என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்கு வேண்டா.

விடுதலைக்குப் பின்னர் நிதிக் குழுக்கள் ஒவ்வொன்றும் இத்துறையில் சிறிது சிறிதாக மாறுதல்களைச் செய்து வந்தன. ஒன்பதாம் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 1990இல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் நிவாரண நிதி ஏற்படுத்தப்பட்டது. எனினும் அந்நிதி பெரும்பாலும் துன்பம் நேர்ந்தபின் செலவிடுவதற்கே உரியதாயிருந்தது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலும், 2001இல் குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கமும், 2004 டிசம்பர் 26இல் நம் கடற்கரையை அழித்த ஆழிப்பேரலையும் அம்முறை போதாதென உணர்த்தின. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிற்று. மாவட்டந்தோறும் ஆட்சியரைத் தலைவராகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவரை இணைத் தலைவராகவும் கொண்ட ஆணையம் அமைதல் வேண்டுமென அச்சட்டம் விதித்தது. உள்ளாட்சி மன்றங்கள் தம் பணியாளர்க்குப் பயிற்சி அளித்தல், கருவிகளை ஆயத்தமாக வைத்தல், நிவாரணப் பணி செய்தல் ஆகிய கடமைகளை உடையன என்பதையும் அது தெளிவாகக் கூறிற்று.

நூறு ரூபாய்க் கணக்கு

2021-26ஆம் ஆண்டுகளுக்குரிய பதினைந்தாம் நிதிக் குழுவின் பரிந்துரைகள் இச்சீர்திருத்தத்தில் ஒரு திருப்பமாகும். மாநிலத்தின் பேரிடர் நிதி நூறு ரூபாய் எனக் கொள்வோம். அதில் 40 ரூபாய் உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உரியது. 30 ரூபாய் இடிந்தவற்றை மீண்டும் கட்டி எழுப்புவதற்கு. 10 ரூபாய் பயிற்சிக்கும் ஆயத்தத்துக்கும். எஞ்சிய 20 ரூபாய் தனி நிதியாக, பேரிடரின் வேகத்தை முன்னதாகவே தணிக்கும் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. நம் போன்ற மாநிலங்களில் இந்நிதியின் முக்காற் பங்கை மத்திய அரசும் காற்பங்கை மாநில அரசும் அளிப்பது முறை.

முன்பு உணவுப் பொட்டலத்துக்கும் உடனடி உதவித் தொகைக்குமே பெரிதும் செலவான பணத்தில், நூற்றுக்கு முப்பது ரூபாய் முன்னேற்பாட்டுக்கும் தணிப்புக்கும் வந்துள்ளது. ஓடைக் கரையைப் பலப்படுத்துதல், சரியும் மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துதல், ஊரில் உள்ளவர்க்கு முதலுதவிப் பயிற்சி தருதல் ஆகியன இனி வெள்ளத்திற்குப் பிந்திய பேச்சாக இருத்தலாகாது என்பதே இதன் கருத்து.

உள்ளூர்க்கே உரிய துன்பங்களையும் மாநிலப் பேரிடர் என அறிவித்து, வரம்புக்குட்பட்டு இந்நிதியிலிருந்து உதவ மாநில அரசுக்கு இடமுண்டு. இதன்படி 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையைப் பேரிடர் என அறிவித்தது. சட்டத்திற்கு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தேசிய அளவிலும் மாநில அளவிலும் பேரிடர் பற்றிய தகவல் தொகுப்பு ஒன்றினை ஏற்படுத்த வகை செய்துள்ளது. மேலிருந்து இவ்வளவும் வந்திருக்க, கீழிருந்து நாம் அனுப்ப வேண்டியது யாது? இதனை அறிவதற்கு உதவித் தொகையின் அளவுகளைச் சற்று நோக்க வேண்டும்.

ஒரு சொல்லின் விலை

அரசு தருவது இழந்த பொருளின் முழு விலை அன்று. மீண்டும் எழுந்து நிற்பதற்கான உதவி மட்டுமே. இதனை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் நன்று. 2022-26ஆம் ஆண்டுகளுக்கென மத்திய அரசு வகுத்த அளவுகளின்படி, பயிர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 33, அல்லது அதற்கு மேல் அழிந்திருந்தால், மானாவாரி நிலத்துக்கு எக்டேருக்கு 8,500 ரூபாயும், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும் உண்டு. இரண்டு எக்டேர் வரம்பு. கறவைப் பசு அல்லது எருமை இறந்தால் 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டித் தமிழ்நாடு அரசு தன் பழைய அளவுகளை உயர்த்தி இவற்றையே அறிவித்ததுடன், உயிரிழந்தோர் குடும்பத்துக்கான தொகையை 4 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாகவும் உயர்த்தியது. இவ்வளவுகள் காலந்தோறும் மாற்றப்படுவன. நடப்பு அளவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

மஞ்சளாற்றங்கரை உழவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய விதி ஒன்றுண்டு. விளைநிலத்தில் படிந்த மணல் அல்லது வண்டல் 3 அங்குலத்துக்கு மேற்பட்டிருந்து, அதனை உரிய அதிகாரி சான்றளித்தால், அதை அகற்ற எக்டேருக்கு 18,000 ரூபாய் சிறு, குறு உழவர்க்கு உதவி உண்டு. அவசரப்பட்டு மணலை முழுதும் வாரிவிட்டுப் பின்னர் மனுச் செய்பவர், எத்தனை அங்குலம் இருந்ததென எதைக் கொண்டு காட்டுவார்? அளந்து, படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டியபின் வாருவதே அறிவுடைமை.

வீட்டைப் பற்றிய விதி இன்னும் கவனிக்கத் தக்கது. முழுதும் இடிந்த வீட்டுக்கு, அது கல் வீடாயினும் மண் வீடாயினும், சமவெளியில் 1,20,000 ரூபாய் என அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் ‘குடிசை’ எனப்படுவதற்கு 8,000 ரூபாய் மட்டுமே. மண்சுவர் வைத்து ஓடு வேய்ந்த வீடும், கீற்று வேய்ந்த குடிசையும், வெள்ளத்தில் கரைந்தபின் பார்ப்பவர்க்கு ஒரே மண்மேடாகத்தான் தோன்றும். அறிக்கையில் எழுதப்படும் ஒரு சொல் 8,000 ரூபாய்க்கும் 1,20,000 ரூபாய்க்கும் இடையே நிற்கிறது. அவ்வீடு அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருத்தல் வேண்டும் என்பதும் விதி. வீட்டு வரி ரசீது, மனைப்பட்டா, இடியுமுன் எடுத்த ஒரு படம் ஆகிய இவை இல்லாவிடில், அச்சொல்லை எழுதும் அலுவலருக்கு நேர்மை இருந்தும் ஆதாரம் இல்லாமற் போகிறது.

விடுபடுவோர் யாவர்?

சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஒன்றியத்தில் நாம் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்ததொன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். ஓடைக்கரைச் சிற்றூர் ஒன்றில் நீர் புகுந்தது. வருவாய்த் துறையினரும் நம் அலுவலகத்தினரும் சேர்ந்து மூன்று நாட்களுக்குள் கணக்கெடுத்து முடித்தோம். விரைவாக முடித்தோம் என்று மகிழ்ந்தோம். பத்து நாட்களுக்குப் பின் கணவனை இழந்த பெண்மணி ஒருவர் இரண்டு குழந்தைகளுடன் நம்மிடம் வந்தார். ஒரே கூரையின்கீழ் மாமியார் குடும்பமும் அவர் குடும்பமும் தனித்தனியே சமைத்து வாழ்ந்து வந்தன. குடும்ப அட்டையோ மாமியார் பெயரில் ஒன்றே இருந்தது. துணிமணி, பாத்திரம் ஆகியவற்றுக்கான உதவி குடும்பத்துக்கு ஒன்று என்பது விதியாதலால், அட்டைக்கு ஒன்றாகப் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. “வீடு ஒன்றுதான் ஐயா, அடுப்பு இரண்டு” என்றார் அவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. நாம் கூரைகளை எண்ணினோமேயன்றி அடுப்புகளை எண்ணவில்லை. மறு விசாரணை, சான்று, ஒப்புதல் என ஒவ்வொரு படியாகக் கடந்து அவருக்குரிய தொகை கைக்குக் கிடைத்தது அடுத்த சித்திரையில். அதற்குள் அவர் தம் ஒரே கறவைப் பசுவை விற்றுவிட்டிருந்தார். எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்த பிழை அன்று அது. ஆயினும் அவருடைய பசு திரும்பி வரவில்லை.

இவ்வாறே விடுபடுவோர் வேறு சிலரும் உண்டு. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் அவர்களுள் முதல்வர். விதை, உரம், கூலி யாவும் அவர் செலவு. பட்டாவோ வேறொருவர் பெயரில். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் ஏறவில்லையெனில், உதவி பட்டாதாரரைச் சென்றடையும். குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ள 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. உறவும் நட்பும் கெடுமென அஞ்சிப் பலர் பதிவு செய்வதில்லை. நிலவுடைமையாளர்களுக்கு நாம் கூறுவது இது: உழுபவர் பெயரை அடங்கலில் எழுதச் சொல்வதால் உங்கள் நிலம் உங்களை விட்டுப் போய்விடாது. குத்தகைதாரரும் வாரதாரரும் பயிர்க் காப்பீட்டில் சேர இடமுண்டு என்பதையும், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றால் தனி வயலில் நேரும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் உழவர் யாவரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

பட்டியலில் எழுத வேண்டியவை

ஆதலின், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னர் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பட்டியல் எழுதப்பட வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், கைப்பேசியில் படம் பிடிக்கத் தெரிந்த இரண்டு இளைஞரும், மகளிர் சுய உதவிக் குழுவினர் சிலரும் போதும். அதில் அடங்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, வீடு. வரி எண், சுவர், கூரை, மனையின் தன்மை ஆகியவற்றுடன் முன்புறப் படம் ஒன்று.

இரண்டாவது, குடும்பம். கூரைக்கு எத்தனை அடுப்பு, ஒவ்வோர் அடுப்புக்கும் எத்தனை பேர், அவர்களுள் முதியோர், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள் யாவர் என்பன.

மூன்றாவது, நிலம். புல எண், பயிர், பட்டாதாரர் பெயர், உண்மையில் உழுபவர் பெயர்.

நான்காவது, கால்நடை. மாட்டின் காதில் அணிவிக்கப்பட்டுள்ள 12 இலக்க எண். வெள்ளத்தில் மாடு இறப்பின் உடலை உடனே புதைத்துவிடாமல் கால்நடை உதவி மருத்துவரின் சான்று பெற வேண்டும் என்பதையும் வீடுதோறும் சொல்லி வைக்க வேண்டும்.

ஐந்தாவது, போகுமிடம். எந்தத் தெருவார் எந்தப் பள்ளிக்கு அல்லது மண்டபத்துக்குச் செல்வது, அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது. சாவி இருப்பவர் வெளியூர் சென்றிருந்தமையால் மழையில் நனைந்து நின்ற மக்களை நாம் கண்டதுண்டு.

எழுதிய பட்டியலை ஆகஸ்டு 15 அல்லது அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் உரக்கப் படித்தல் வேண்டும். வலியவர் எழுதும் பட்டியலில் எளியவர் விடுபடுவதும், வேண்டியவர் பெயர் கூடுதலாக ஏறுவதும் உலக இயல்பு. பலர் கூடிய அவையில் படிக்கும்போது இரண்டும் திருத்தம் பெறும். வங்கிக் கணக்கு எண் போன்றவை மட்டும் அவையில் படிக்கப்படாமல் தனியே காக்கப்பட வேண்டும். கெங்குவார்பட்டி பேரூராட்சியாதலால் அங்கு இதனைப் பேரூராட்சி நிர்வாகமும், சுற்றியுள்ள சிற்றூர்களில் ஊராட்சி நிர்வாகமும் செய்தல் முறை. ஓடைக்கு எல்லைக்கல் தெரியாது. ஆகவே இருவரும் தம் பட்டியல்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுதல் நலம்.

இப்பட்டியல் எவருக்கும் சட்ட உரிமை வழங்குவதன்று என்பதையும் கூறிவிடுதல் நம் கடமை. இழப்பை உறுதி செய்வது வருவாய்த் துறையே. எனினும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் சேற்றில் நடந்து வந்து எழுதும்போது, ஊரார் கூடி ஒப்புக்கொண்ட ஏடு ஒன்று அவர்கள் கையில் இருக்குமாயின், பிழை குறையும். காலமும் மிகுதியாக மிச்சமாகும். ஊரகக் குடிசைகளைக் கணக்கெடுத்து, 2024-25 முதல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கிய பணியும், கூரைகளை முன்னதாக எழுதி வைத்ததன் பயனேயாகும்.

முதல் மணி நேரங்கள்

மஞ்சளாறு அணையின் முழு உயரம் 57 அடி. நீர்மட்டம் 51 அடியைத் தொடும்போது முதல் எச்சரிக்கையும், 53 அடியில் இரண்டாவதும், 55 அடியில் மூன்றாவதும் விடப்படுகின்றன. இவ்வெண்களை ஊரில் அனைவரும் அறிவர். ஆனால் முதல் எச்சரிக்கையின்போது தாம் செய்ய வேண்டுவது யாது என்பதை அறிந்தோர் சிலரே. முதல் எச்சரிக்கையில் ஆவணங்களும் அட்டைகளும் நெகிழிப் பையில் ஏற வேண்டும். இரண்டாவதில் கால்நடைகள் மேட்டுக்குச் செல்ல வேண்டும். மூன்றாவதில் ஆற்றங்கரையில் ஒருவரும் இருத்தலாகாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070 ஆகியவற்றைப் பள்ளிச் சுவரிலும் நியாய விலைக் கடையிலும் எழுதி வைக்கலாம்.

2018 மார்ச் 11இல் நம் மாவட்டத்தின் குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 23 பேர் உயிரிழந்தமை நாம் மறக்கவொண்ணாத துயரம். அன்றும் ஆபத்தில் இருந்தோருக்கு உதவ முதலில் மலையேறியவர்களுள் ஊர்மக்கள் இருந்தனர். வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேருமுன் கழியும் மணி நேரங்கள் அண்டை அயலாருக்கே உரியன. இதனைக் கருதியே அரசு ஊர்தோறும் முதல்நிலைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வருகிறது. அவர்கள் கையிலும் அப்பட்டியலின் படி ஒன்று இருக்குமாயின், நள்ளிரவில் முதலில் தட்ட வேண்டிய கதவு எது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அணை கட்டுவது அரசின் பணி. வீடு எத்தனை, அடுப்பு எத்தனை, உழுபவர் யார் என்பதை எழுதி வைப்பது ஊராரும் நம் போன்ற அலுவலர்களும் சேர்ந்து செய்யக் கூடிய பணி. வருகின்ற கிராம சபையில் இப்பொருளைப் பேச வேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் படிக்கப்படும்போது, வருவதற்குத் தயங்கி வாசலோரம் நிற்பவர் பெயர் அதில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள்.